ஊர்க் கிணறும் கம்பெனி மீட்டரும்

தண்ணியைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்க்கிற எல்லா மேடையிலும் ஒரு வசனம் தவறாமல் வருகிறது. ‘தண்ணீருக்கு விலை வைக்காத மரபு நம் மரபு, தாகம் என்று வந்தவனுக்கு இல்லை என்று சொல்லாத மண் இது.’ கேட்கிற போதெல்லாம் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. எந்த மண்? யாருடைய மரபு?

எங்க அம்மா ஊர்க் கிணற்றில் ஒருநாளும் வாளி விட்டதில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கணும். மேல்சாதிப் பொம்பளை யாராவது மனசு வைத்து ஊற்றினால் உண்டு. மனசு வராத நாளில் குட்டைத் தண்ணிதான். காசு கேட்கவில்லை, உண்மைதான். காசைவிடப் பெரிய ஒன்றைக் கேட்டார்கள். குனிந்து நில் என்றார்கள். அந்தக் கிணற்றைப் ‘பொதுச்சொத்து’ என்று சொல்லி, காப்பாற்ற வா என்று என்னைக் கூப்பிடாதீர்கள். வரமாட்டேன்.

ஆனால் தண்ணிக் கம்பெனியை எதிர்க்கக் கூப்பிட்டால் வருவேன். முன்வரிசையில் நிற்பேன். காரணம் வேறு.

இந்த நாட்டில் ‘பொது’ என்ற சொல்லுக்கு அர்த்தம் கொடுத்ததே நாம்தான். மகாட் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாக நகராட்சி 1924இல் தீர்மானம் போட்டது. காகிதத்தில் திறந்த குளத்தில் கை வைக்க 1927 மார்ச் 20 வரை ஆயிற்று. அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு போய் அள்ளிக் குடித்தார். நாயும் மாடும் குடித்த குளத்தை, நாம் குடித்ததற்காகச் சாணியும் மாட்டு மூத்திரமும் ஊற்றிச் ‘சுத்தம்’ செய்தார்கள். நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. உயர் நீதிமன்றத்தில் வழக்கு ஜெயிக்க 1937 ஆனது. இந்தப் பக்கம் 1924இல் சென்னை சட்டசபையில் பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொதுக் குளம் எல்லாருக்கும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். இத்தனைக்கும் பிறகுதான் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு வந்தது. அரசுப் பணத்தில் பராமரிக்கிற கிணறு, குளம், படித்துறை எதிலும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்று.

சாதி சொல்லித் தடுக்கக்கூடாது. சரி. காசில்லை என்று சொல்லித் தடுத்தால்? அதற்கு அந்தப் பிரிவில் பதில் இல்லை. அந்த ஓட்டை வழியாகத்தான் இன்றைக்கு மீட்டர் நுழைகிறது. 1992இல் டப்ளினில் கூடிய சர்வதேச மாநாடு தண்ணீரைப் பொருளாதாரப் பண்டமாகக் கருத வேண்டும் என்று அறிவித்தது. விலை வைத்தால்தான் மக்களுக்கு அருமை தெரியுமாம். தலையில் குடம் சுமந்தவளுக்குத் தண்ணியின் அருமையை மீட்டர் வைத்துச் சொல்லித்தரப் போகிறார்கள்!

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு ஊர் சாட்சி. தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் நகரத்தை ஒட்டிய சொவேட்டோ. நிறவெறி ஆட்சி கறுப்பு மக்களை ஒதுக்கிவைத்த இடம், அந்த நாட்டுச் சேரி. நிறவெறி ஆட்சி ஒழிந்து, போதுமான தண்ணீர் பெறுவது உரிமை என்று 1996 அரசியல் சட்டத்திலேயே எழுதினார்கள். நம் சட்டத்தில்கூட அப்படி நேராக எழுதவில்லை. ஆனால் 2001இல் ஜோகன்னஸ்பர்க் தண்ணீர் நிறுவனத்தின் நிர்வாகம் பிரான்சு நாட்டு சூயஸ் கம்பெனி தலைமையிலான கூட்டிடம் ஐந்து வருஷத்துக்குப் போனது. நிறுவனம் நகராட்சிக்குச் சொந்தம், நடத்துவது மட்டும் கம்பெனி என்றார்கள்.

2004இல் சொவேட்டோவின் ஃபிரி பகுதியில் வீடுவீடாக முன்பண மீட்டர் பொருத்தினார்கள். அதுவரை மாதம் 20,000 லிட்டர் என்று ஒரு கணக்கு வைத்து ஒரே கட்டணம், குழாய் நிற்காது. இப்போது ஒரு இணைப்புக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம். அது தீர்ந்தால் செல்போனுக்குப் போடுவது மாதிரி காசு போடணும். போடாவிட்டால் குழாய் தானாகவே மூடிக்கொள்ளும். நோட்டீஸ் கிடையாது, விசாரணை கிடையாது, நள்ளிரவாக இருந்தாலும் சரி.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர். ஆனால் ஏழைகளின் மனையில் எட்டுப் பேரா இருக்கிறார்கள்? பின்கட்டில் தகரக் கொட்டகை போட்டு இன்னொரு குடும்பமும் இருக்கும். இருபது பேர் என்றால் ஆளுக்கு 10 லிட்டர். கக்கூசுக்கு ஒரு தடவை ஊற்றினாலே முடிந்தது. பணக்காரர்கள் வாழும் சாண்டன் பகுதியில் என்ன நிலை? அங்கே முதலில் தண்ணி, பிறகு பில். கட்டத் தவறினால் நோட்டீஸ், அவகாசம், முறையிட வாய்ப்பு. ஒரே நகரம், ஒரே நிறுவனம், இரண்டு சட்டம். இரட்டைக் குவளை என்பதற்கு வேறு என்ன அர்த்தம்?

ஃபிரி மக்கள் வழக்குப் போட்டார்கள். மஜிபூகோ வழக்கு என்று பேர். 2008இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் இது இனப் பாகுபாடு என்று சொல்லி, முன்பண மீட்டர் செல்லாது, ஆளுக்கு 50 லிட்டர் கொடு என்றது. 2009இல் மேல்முறையீட்டில் அது 42 லிட்டர் ஆனது. அதே வருஷம் அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. 6,000 லிட்டர் நியாயம்தானாம். காசு தீர்ந்து குழாய் மூடுவது துண்டிப்பு இல்லையாம், தற்காலிக நிறுத்தமாம். நம்ம ஊர் அதிகாரி ‘தீண்டாமை எல்லாம் இல்லீங்க, பழக்கவழக்கம்’ என்று சொல்வாரே, அதே குரல்!

ஆப்பிரிக்காக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் மாணவத் தோழர்களுக்கு ஒரு தகவல். அதே சூயஸ் கம்பெனிக்குத்தான் 2018இல் கோவை மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்தைக் கொடுத்தது. 26 வருஷ ஒப்பந்தம், 3,000 கோடி ரூபாய்க்கு மேல். கையெழுத்தான நேரத்தில் மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் அதிகாரி ஆட்சி. தனித்தொகுதி வார்டில் நம்ம ஆள் ஒருத்தர் உட்கார்ந்து ‘எங்க தெருவுக்கு என்ன?’ என்று கேட்கக்கூட நாற்காலி இல்லாத நேரத்தில், ஒரு தலைமுறைக்கான தண்ணியை எழுதிக்கொடுத்தார்கள். கட்டணத்தை மாநகராட்சிதான் நிர்ணயிக்கும் என்று சமாதானம் சொன்னார்கள். ஜோகன்னஸ்பர்க்கிலும் நகராட்சிதான் முதலாளி, தோழர்!

அப்படியானால் அரசாங்கத் தண்ணி நல்லதா என்று கேட்பீர்கள். வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து அந்தச் சேரி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் பீ கலக்கப்பட்டது. அது அரசுத் தொட்டி. விசாரித்த சிபிசிஐடி இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், தலித் மக்களில் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வைத்தது. ஆகவே அரசை நம்பு என்று நான் சொல்லவில்லை. அரசை மறிக்கலாம், அமைச்சரைக் கேள்வி கேட்கலாம், ஓட்டை வைத்து மிரட்டலாம், வன்கொடுமைச் சட்டத்தைக் காட்டலாம். சண்டை போட ஒரு வாசல் இருக்கிறது. கம்பெனி அந்த வாசலுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ‘புகார் எண்ணுக்குப் பேசுங்கள்’ என்கிறது. நமக்கு வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

எனவே நம் கோரிக்கை ‘பழைய மரபைக் காப்போம்’ என்பதாக இருக்க முடியாது. ஒப்பந்தம் முழுவதும் தமிழில் மக்கள் முன் வைக்கப்படணும். இணைப்புக்கு இத்தனை என்ற கணக்கு ஒழிந்து, தலைக்கு இத்தனை என்று வரணும். சாக்கடையில் இறங்கி ஏறுகிறவர் உடம்பு கழுவ 25 லிட்டர் போதுமா? அவருக்கு எவ்வளவு வேணும் என்று அவரைக் கேட்டு எழுதணும். முன்பண மீட்டர் எந்தப் பேரிலும் வரக்கூடாது. காசில்லை என்பதற்காகக் குடிதண்ணிக் குழாயை மூடுவது குற்றம் என்று சட்டம் வரணும். மீட்டர் வந்துவிட்டது என்று சேரியின் தெருக்குழாயைப் பிடுங்கக்கூடாது. குழாய் பதிக்கிற வேலை கடைக்கோடித் தெருவிலிருந்து தொடங்கணும், ஏனென்றால் கடைக்கோடியில் யார் இருக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மரபு பேசும் நண்பர்கள் இதில் கையெழுத்துப் போட்டால் சேர்ந்து நடப்போம். போட மாட்டோம் என்றால், அவர்கள் காப்பாற்றத் துடிப்பது தண்ணியை அல்ல, கிணற்றுமேட்டை.