மூக்கைத் தொட்டால் பொய்யா?

சண்டைக்கு நிற்கும் இரண்டு சேவல்களைக் கவனித்திருக்கிறீர்களா? கழுத்துச் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு முறைத்து நிற்கும்போதே, திடீரென ஒன்று குனிந்து தரையைக் கொத்தும். அங்கே ஒரு தானியமும் இருக்காது. அதற்குப் பசியும் இருக்காது. பிறகு ஏன் கொத்துகிறது?

இதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் நிக்கோ டின்பெர்கன். நெதர்லாந்தில் பிறந்த விலங்கியலாளர். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர். ‘ஸ்டிக்கிள்பேக்’ என்ற விரல் நீள முள்மீனை அவர் பல ஆண்டுகள் கவனித்தார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அடுத்தவன் இடத்தோடு அது சேரும் எல்லையில் இரண்டும் சந்தித்தால், சில சமயம் பாய்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை. தலைகீழாக நின்று மணலைத் தோண்டும். அது கூடு கட்டும்போது செய்கிற வேலை. ‘தாக்கு’ என்ற உந்துதலும் ‘ஓடு’ என்ற உந்துதலும் சம பலத்தில் இழுக்கும்போது, சம்பந்தமே இல்லாத மூன்றாவது வேலை வெளியே வந்துவிடுகிறது என்றார் டின்பெர்கன்.

ஆக்ஸ்ஃபோர்டில் அவரிடம் ஆய்வு செய்த மாணவர் டெஸ்மண்ட் மோரிஸ். பிறகு லண்டன் மிருகக்காட்சி சாலையில் பாலூட்டிகள் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார். குரங்கையும் மீனையும் பார்த்த அதே கண்ணால் மனிதரையும் பார்த்து, 1977-ல் ‘மேன்வாட்சிங்’ என்ற நூலை எழுதினார். பறவை பார்ப்பவர் பறவையைப் பார்ப்பதுபோல, தெருவிலும் வீட்டிலும் மனிதர் செய்வதை அப்படியே பார்ப்பதுதான் அவர் முறை.

அப்படிப் பார்த்தால் எத்தனையோ கண்ணில் படும். விமான நிலையத்தில் பயணி, ஏற்கெனவே பார்த்த டிக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்ப்பார். பையைத் திறந்து மூடுவார். நேர்காணலுக்கு வந்த பெண், சரியாக இருக்கும் துப்பட்டாவைச் சரிசெய்வார். இதெல்லாம் சேவல் தரையைக் கொத்துவது போலத்தான். விருந்தாளி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால், வாய் பேசிக்கொண்டே இருந்தாலும் உடம்பு கிளம்பத் தயாராகிவிட்டது. பறக்கும் முன் பறவை உடலைத் தாழ்த்துவதும் இதே வகைதான்.

முகத்தைவிடக் கால்களை நம்பலாம் என்கிறார் மோரிஸ். முகத்தை அடக்கி வைக்கச் சிறு வயதிலேயே பழகிவிடுகிறோம். மேஜைக்கடியில் ஆடும் பாதத்தை யாரும் நினைப்பதில்லை.

இங்கேதான் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ‘மூக்கைத் தொட்டால் பொய், கை கட்டினால் வெறுப்பு’ என்று சொல்லித்தரும் வீடியோக்கள் இன்று ஏராளம். விலங்கியல் சொல்வது அதுவல்ல. மணலைத் தோண்டும் மீன் பொய் சொல்லவில்லை. இரண்டு பக்கம் இழுபட்டு நிற்கிறது, அவ்வளவுதான். பொய் சொல்பவர் மனதில் இழுபறி இருக்கும். உண்மையைச் சொல்லி, ‘நம்புவார்களோ மாட்டார்களோ’ என்று பயப்படுபவர் மனதிலும் அதே இழுபறிதான். இரண்டு கைகளும் மூக்குக்குத்தான் போகும்.

அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் செவிலியர் பயிற்சி மாணவிகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். கொடூரமான அறுவை சிகிச்சைப் படத்தைப் பார்த்துக்கொண்டே, இனிமையான காட்சி என்று சொல்ல வேண்டும். பொய் சொல்லும்போது, பேச்சோடு சேர்ந்து வரும் கையசைவு குறைந்தது. அது எப்படித் தெரிந்தது? அதே மாணவி உண்மை பேசும்போதும் கவனித்திருந்தார்கள். ஒருவரை அவரோடுதான் ஒப்பிட்டார்கள்.

வீட்டுக்கும் அந்த நியாயம் வேண்டும். ‘பரீட்சை எப்படி எழுதினே?’ என்று கேட்டதும் பிள்ளை தலையைச் சொறிந்தால், ‘பொய் சொல்றே’ என்று பாயாதீர்கள். சாதாரண நாளில் அவன் எப்படி நிற்பான், எப்படிப் பேசுவான் என்று யோசித்துப் பாருங்கள். இன்று மாறியிருந்தால், அவனுக்குள் ஏதோ இழுபறி என்று மட்டுமே அர்த்தம். அது என்னவென்று அவன் வாயால்தான் தெரியவரும். அதற்கு அவன் பயமில்லாமல் பேச இடம் கொடுக்க வேண்டும்.