சாவி எங்கே இருக்கிறது?

மதியம் ஒரு மணிக்கு, கூரையில்லாத இடத்தில் நிறுத்திய காரின் கதவைத் திறந்து பாருங்கள். ஸ்டியரிங்கில் கை வைக்க முடியாது. சீட் பெல்ட் கொக்கி சுடும். கூடவே கைக்குழந்தையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டுவது அதிசயமில்லை.

அதனால்தான் 'ரிமோட் ஸ்டார்ட்டர்' மீது பலருக்கும் ஆசை. மேலே ஆபீஸில் இருந்தபடி ஒரு பொத்தானை அழுத்தினால், கீழே நிற்கும் கார் தானே ஸ்டார்ட் ஆகி ஏர்கோனையும் போட்டு வைக்கும். கனடா போன்ற குளிர்நாடுகளில் இது நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள பொருள். அங்கே உறைந்த காரைச் சூடாக்க. இங்கே கொதிக்கும் காரைக் குளிர வைக்க. புரோட்டான் எக்ஸ்50, எக்ஸ்70 போன்ற புதிய கார்களில் தொழிற்சாலையிலேயே இந்த வசதி வருகிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் வெளிக்கடையில் பொருத்திக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் நேயர் ஒருவர் குரல்பதிவு அனுப்பியிருந்தார். "அக்கா, ரிமோட் ஸ்டார்ட்டர் போடப் போனேன். வீட்டுல இருக்கிற ஸ்பேர் சாவியையும் கொண்டு வரச் சொல்றாங்க. சாவியே இல்லாம ஸ்டார்ட் ஆகறதுக்குத்தானே இதைப் போடறோம்? அப்புறம் எதுக்கு இன்னொரு சாவி?"

நியாயமான கேள்வி. கிள்ளானில் பல வருடங்களாகக் கார் வயரிங் வேலை செய்யும் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் இதைக் கொண்டு போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்தச் சாவி கடைசியில எங்க போய் உட்காரப் போகுதுன்னு கேட்கச் சொல்லும்மா. எங்ககிட்ட எல்லாரும் விலையைத்தான் கேட்கறாங்க, இதை யாரும் கேட்கறதில்ல" என்றார்.

விஷயம் இதுதான். இன்றைய கார்ச் சாவிகள் பலவற்றின் பிளாஸ்டிக் தலைக்குள் சின்னதாக ஒரு சிப் இருக்கிறது. அதற்கு பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள் இருக்கும். சாவியைத் திருப்பும்போது அந்தச் சுருள் வானொலி அலையை அனுப்ப, சிப் விழித்துக்கொண்டு தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எங்கள் பண்பலை ஒலிபரப்பு பல கிலோமீட்டர் தூரம் போகும். இது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில், சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் முடிந்துவிடும் மிகக் குட்டி ஒலிபரப்பு. எண் பொருந்தினால்தான் காரின் கணினி இன்ஜினை ஓட விடும். சாவியின் இரும்புப் பகுதியை அச்சு அசலாக வெட்டி எடுத்து வந்தாலும், சிப் இல்லையென்றால் கார் நகராது. இதற்குப் பெயர் இம்மொபிலைசர்.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். ஐரோப்பிய நாடுகள் 1998-லும் கனடா 2007-லும் புதிய கார்களுக்கு இம்மொபிலைசரைக் கட்டாயமாக்கின. அமெரிக்கா கட்டாயமாக்கவில்லை. அங்கே விற்பனையான 2015 மாடல் கார்களில், ஹூண்டாய், கியா அல்லாத மற்ற நிறுவனங்களின் ரகங்களில் 96 விழுக்காட்டுக்கு அது அடிப்படை வசதியாகவே இருந்தது. ஹூண்டாய், கியா ரகங்களில் 26 விழுக்காட்டுக்கு மட்டுமே. அந்தக் கார்களைத் திருடும் விதம் சமூக ஊடகக் காணொளிகளில் பரவியதும், பதின்ம வயதுப் பிள்ளைகள்கூட விளையாட்டாகத் திருடத் தொடங்கினார்கள். 2023 பிப்ரவரியில் சுமார் 83 லட்சம் கார்களுக்கு இலவச மென்பொருள் திருத்தம் அறிவிக்கப்பட்டது. இந்தத் திருட்டுகளோடு தொடர்புடையதாக அதற்குள் குறைந்தது 14 விபத்துகளும் 8 மரணங்களும் பதிவாகியிருந்தன. ஒரு சின்னச் சிப் இல்லாததன் விலை அது.

இப்போது நேயரின் கேள்விக்கு வருவோம். ரிமோட் ஸ்டார்ட்டர் இன்ஜினை முடுக்கும்போது துவாரத்தில் சாவி இருக்காது. ஆனால் கார் வழக்கம்போல "சிப் எங்கே?" என்று கேட்கும். அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைக் கடைக்காரர்கள் மூன்று விதமாக ஏற்பாடு செய்கிறார்கள் என்று அண்ணன் விளக்கினார்.

முதல் விதம், ஸ்பேர் சாவியின் சிப்பைத் துவாரத்துக்குப் பக்கத்திலேயே நிரந்தரமாக ஒட்டிவிடுவது. வேலை சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. ஆனால் அன்று முதல் உங்கள் கார், சாவி எப்போதும் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். இம்மொபிலைசர் பெயரளவுக்குத்தான். பூட்டை உடைப்பவனைத் தடுக்க வேறு காவல் கிடையாது.

இரண்டாவது விதம், சிப்பை ஒரு சிறு பெட்டிக்குள் வைத்து டேஷ்போர்டுக்குள் மறைப்பது. நீங்கள் ரிமோட்டை அழுத்தும்போது மட்டும் ஒரு ரிலே அந்தப் பெட்டியை இணைக்கும். மற்ற நேரத்தில் சிப் வாய் திறக்காது. முதல் விதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் உங்கள் சாவி காருக்குள்தான் இருக்கிறது. முழுச் சாவியையும் வைக்க விடாதீர்கள். சிப் மட்டும் போதும். வீட்டுக்கு வேறு ஸ்பேர் சாவி செய்து வைக்க மறக்காதீர்கள்.

மூன்றாவது, சாவியே தேவைப்படாத மின்னணுப் பெட்டி. அது காரின் கணினியோடு நேரடியாகப் பேசக் கற்றுக்கொடுக்கப்பட்டது. உங்கள் காரின் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்த வேண்டும், விலையும் கூடுதல். கற்றுக்கொடுக்கும்போது உங்கள் சாவியைச் சில நிமிடம் கேட்கலாம். வேலை முடிந்ததும் எல்லாச் சாவியும் உங்கள் கையில் இருக்கும்.

பொத்தான் அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார் என்றால் இன்னும் கவனம் தேவை. ஸ்மார்ட் சாவியை அப்படியே உள்ளே ஒளித்து வைத்தால், அது எந்நேரமும் உயிரோடு இருந்தால், கண்ணாடியை உடைத்து உள்ளே வருபவனுக்கும் கார் ஸ்டார்ட் ஆகும்.

நம்மில் பலருக்குக் கார் என்பது ஒன்பது ஆண்டு வரை மாதத் தவணை கட்டும் சொத்து. கார் காணாமல் போனாலும் வங்கிக் கடன் காணாமல் போகாது. அதனால் வயரில் கை வைக்கும் முன்பே காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் விற்பனை நிலையத்திடமும் கேளுங்கள்.

பாதுகாப்புக்காக இன்னும் சில. மேனுவல் கியர் காரில் இதைப் போடவே வேண்டாம் என்கிறார் அண்ணன். கியரில் நிற்கும் கார் ஸ்டார்ட் ஆனால் முன்னால் பாயும். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் அணைய வேண்டும். சாவி இல்லாமல் யாராவது பிரேக்கை மிதித்தாலும் அணைய வேண்டும். மூடிய கராஜில் இன்ஜினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஏர்கோன் ஓடுகிறதே என்று பிள்ளையைத் தனியாகக் காரில் விடவே விடாதீர்கள். சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே நிறுத்திய காரில் இன்ஜினைச் சும்மா ஓட விடுவதே குற்றம்.

கடையில் முதல் விதம் மட்டும்தான் செய்வோம் என்றால், என் யோசனை, காசை மிச்சம் பிடியுங்கள். முன் கண்ணாடிக்கு ஒரு வெயில் மறைப்பு வாங்கி வையுங்கள். ஏறும் முன் கதவுகளைத் திறந்து இரண்டு நிமிடம் சூட்டை வெளியேற்றுங்கள். பிறகு கிளம்பிவிடுங்கள், நிற்கும் காரைவிட ஓடும் காரில் ஏர்கோன் சீக்கிரம் குளிரும்.

பொருத்தத்தான் போகிறீர்கள், உங்களுடையது சாவி திருப்பும் கார் என்றால், சாவிக் கடையில் சிப் இல்லாத ஒரு வெறும் சாவி வெட்டிக்கொண்டு போங்கள். அதிகச் செலவில்லை. வேலை முடிந்ததும், பணம் கொடுப்பதற்கு முன்பு, ரிமோட்டைத் தொடாமல் அந்த வெறும் சாவியைப் போட்டுத் திருப்புங்கள். இன்ஜின் ஓடக் கூடாது. ஓடினால் காரை அங்கேயே விட்டு, பழையபடி சரிசெய்து தரச் சொல்லுங்கள்.