ஊரார் பிள்ளையும் தம் பிள்ளையும்

குழந்தை மொட்டைமாடிச் சுவரில் ஏறினாலே நமக்கு வயிறு கலங்குகிறது, இல்லையா? சோவியத் தளபதி வாஸிலி மார்கெலோவ் செய்ததைக் கேளுங்கள். சோவியத் பாராசூட் படைக்கு 1954-ல் தலைவரானவர்; நடுவே சில காலம் நீங்கலாக, 1979 வரை அவரே தலைவர்.

வீரர்கள் ஓரிடத்தில் இறங்குவார்கள். அவர்களுடைய கவச வண்டி வேறிடத்தில் இறங்கும். தேடி அலைய வேண்டும். "வண்டிக்குள்ளேயே ஆளை வைத்து இறக்குவோம்" என்பது மார்கெலோவின் யோசனை. உயிருக்கு ஆபத்தென்று பாதுகாப்பு அமைச்சர் கிரெச்கோ தயங்கினார்.

1973 ஜனவரி 5-ம் தேதி விமானத்திலிருந்து 7 டன் வண்டி இறங்கியது. உள்ளே இருவர். அதில் ஒருவர் யார் தெரியுமா? மார்கெலோவின் மகன் அலெக்ஸாண்டர்!

இருவரும் பிழைத்தார்கள். 1990-ல் மறைந்த அந்தத் தளபதியின் படையை "வாஸ்யா மாமாவின் படை" என்று வீரர்கள் உறவு சொல்லி அழைப்பது சும்மாவா? ஊரார் பிள்ளையோடு தம் பிள்ளையையும் அனுப்பியவர் ஆயிற்றே!