லூசியானா: எதிர்ப்பில்லாத வெற்றி விட்டுச் சென்றது என்ன?

அமெரிக்காவின் தென் மாநிலமான லூசியானாவில் 2011ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி நடந்த ஆளுநர் தேர்தலில், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பாபி ஜிண்டால் சுமார் 66 சதவீத வாக்குகளைப் பெற்று இரண்டாவது முறையாகத் தெரிவானார். பத்துப் பேர் போட்டியிட்ட அத்தேர்தலில் இரண்டாமிடம் பெற்ற ஜனநாயகக் கட்சியின் தாரா ஹோலிஸுக்குக் கிடைத்தவை 18 சதவீத வாக்குகளே. பாரிஷ் என அழைக்கப்படும் 64 மாவட்டங்கள் அனைத்திலும் ஜிண்டாலே முன்னிலை பெற்றார்.

ஆனால் நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. ஜிண்டாலின் செல்வாக்கு வெகுவாகச் சரிந்தது. அவருக்குப் பின் ஆளுநர் பதவி ஜனநாயகக் கட்சியின் கைக்குச் சென்றது. இவ்வளவு பெரிய வெற்றி ஏன் நிலைக்கவில்லை என்பதற்கான விடை, அந்த வெற்றி கிடைத்த விதத்திலேயே இருக்கிறது.

இந்தியாவில் ஆளுநர் மத்திய அரசின் ஆலோசனையின் பேரில் நியமிக்கப்படுபவர். அமெரிக்காவிலோ அவர் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படும் மாநில நிர்வாகத் தலைவர். பஞ்சாபிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த ஜிண்டால், 2003இல் கேத்லீன் பிளாங்கோவிடம் தோல்வியுற்றவர். 2005இல் கத்ரீனா சூறாவளி தாக்கியபோது அரசு செயற்பட்ட விதம் குறித்த கண்டனங்களுக்குப் பின்னர், பிளாங்கோ 2007இல் மீண்டும் போட்டியிடவில்லை. அவ்வாண்டு 36 வயதில் வென்ற ஜிண்டால், அமெரிக்க மாநிலமொன்றின் ஆளுநராகத் தெரிவான முதல் இந்திய வம்சாவளியினரானார்.

களத்தில் இல்லாத எதிர்க்கட்சி

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவின்போது, ஒபாமா அரசை வெளிப்படையாகச் சாடியது உள்ளூரில் ஜிண்டாலுக்கு ஆதரவைப் பெருக்கியது. எனினும் அவரது வெற்றியின் அளவை அவரது செல்வாக்கு மட்டும் தீர்மானிக்கவில்லை.

ஜனநாயகக் கட்சியின் கோட்டையான நியூ ஆர்லியன்ஸில் 2000ஆம் ஆண்டில் சுமார் 4,85,000 பேர் வாழ்ந்தனர். கத்ரீனாவுக்குப் பின் 2010இல் அது சுமார் 3,44,000ஆகக் குறைந்தது. மாநிலத்தின் வெள்ளையின வாக்காளர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே குடியரசுக் கட்சியின் பக்கம் சாய்ந்திருந்தனர். கட்சித் தாவல்களும் இடைத்தேர்தல்களும் சேர்ந்து, உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்தின் பின் முதன்முறையாகச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் அக்கட்சியின் வசமாக்கின. மாநில அட்டர்னி ஜெனரலும் 2011இல் கட்சி மாறினார். ஜனநாயகக் கட்சியின் அறியப்பட்ட தலைவர்கள் எவரும் போட்டியிட முன்வராத நிலையில், பள்ளி ஆசிரியையான ஹோலிஸ் போதிய நிதியின்றிக் களமிறங்கினார்.

அத்தேர்தலில் பதிவானவை சுமார் 1.02 மில்லியன் வாக்குகள். அவற்றில் ஜிண்டாலுக்குக் கிடைத்தவை சுமார் 6,73,000. பதிவு பெற்ற வாக்காளர் அனைவரையும் கணக்கிட்டால், நால்வரில் ஒருவருக்கும் குறைவானவர்களே அவருக்கு வாக்களித்திருந்தனர்.

கட்சிக்குள் எழுந்த எதிர்ப்பு

இந்த வெற்றியைத் தமது கொள்கைகளுக்குக் கிடைத்த மக்கள் ஆணையாகவே ஜிண்டால் கொண்டார். தனியார் பள்ளிகளில் பயில அரசு நிதி வழங்கும் திட்டத்தை விரிவாக்கும் சட்டம் 2012இல் விரைந்து நிறைவேற்றப்பட்டது. ஆனால் அதற்கு நிதி ஒதுக்கிய முறை அரசியல் சாசனத்துக்கு முரணானது என மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் வருமான வரியை முற்றாக நீக்கி விற்பனை வரியை உயர்த்தும் திட்டத்தை அவர் முன்வைத்தார். வர்த்தகத் துறையினரும் மதகுருமாரும் அதனை எதிர்த்தனர். சொந்தக் கட்சி உறுப்பினர்களே தயங்கியதால் அது கைவிடப்பட்டது. எதிர்க்கட்சி செய்யத் தவறிய வேலையை நீதிமன்றமும் ஆளுங்கட்சியினரும் செய்ய நேர்ந்தது.

வரிக்குறைப்புகளால் ஏற்கெனவே நலிந்திருந்த கருவூலத்தை, 2014இல் தொடங்கிய எண்ணெய் விலை வீழ்ச்சி மேலும் பாதித்தது. 2015இல் சுமார் 1.6 பில்லியன் டாலர் பற்றாக்குறையை மாநிலம் எதிர்நோக்கியது. பல்கலைக்கழகங்களுக்கான அரசு நிதி பல ஆண்டுகளாகவே குறைக்கப்பட்டு வந்ததால், அந்தச் சுமையில் ஒரு பகுதி கல்விக் கட்டணமாக மாணவர்கள் மீது விழுந்தது. வறியோருக்கான மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டத்தை விரிவாக்கவும் ஜிண்டால் மறுத்தார். அதிபர் பதவிக் கனவே இந்த முடிவுகளை வழிநடத்தியதாக விமர்சகர்கள் கூறினர். இந்திய-அமெரிக்கர் என்ற அடையாளத்தை ஏற்க மறுத்தபடி 2015 ஜூனில் அவர் தொடங்கிய அந்தப் பிரசாரம் நவம்பர் 17ஆம் தேதி முடிவுக்கு வந்தது.

அதற்கு நான்கு நாட்களின் பின், சட்டமன்றத்தில் ஜிண்டாலைத் தொடர்ந்து விமர்சித்து வந்த ஜான் பெல் எட்வர்ட்ஸ் 56 சதவீத வாக்குகளுடன் ஆளுநராகத் தெரிவானார். 2016 ஜனவரியில் மெடிக்கெய்ட் விரிவாக்கத்துக்கு அவர் உத்தரவிட, நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் இணைந்தனர். அவர்களில் பலர் 2011இலும் அம்மாநிலத்தில் வாழ்ந்தவர்களே. அவர்களது தேவையை எடுத்துரைக்கும் வலுவான வேட்பாளர் ஒருவர் அன்று இருக்கவில்லை.

எட்வர்ட்ஸ் மூன்றாம் முறை போட்டியிட இயலாத நிலையில், 2023இல் குடியரசுக் கட்சியின் ஜெஃப் லாண்ட்ரி முதற்சுற்றிலேயே வென்றார். அப்போதும் வாக்களித்தோர் சுமார் 36 சதவீதத்தினரே. லூசியானாவில் எதிர்க்கட்சி மீண்டும் தளர்ந்துள்ள நிலையில், வாக்கு வித்தியாசத்தையே மக்களின் முழுச் சம்மதமாகக் கொள்வதிலுள்ள அபாயத்தை ஜிண்டாலின் இரண்டாவது பதவிக்காலம் நினைவூட்டுகிறது.