கை போனால் காசு. பிழைப்புக்கு என்ன வழி?



தோட்டத்தை விட்டுப் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் உழைக்கும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். தமிழகத்திலிருந்து வந்து அங்கே சாரம் ஏறுவோரும் பலர். அவர்களில் ஒருவன் விழுந்து இடுப்பொடிந்தால் நஷ்டஈடு தரச் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் அது. 2025 நவம்பர் முதல் நிரந்தர ஊனத்துக்கு உச்சத் தொகை 346,000 வெள்ளி. மருத்துவச் செலவுக்கு 53,000 வெள்ளி. தொகை உயர்ந்ததை வரவேற்கிறோம்.

ஆனால் மருத்துவச் செலவுக்கு இன்னொரு வேலியும் உண்டு. விபத்து நடந்து ஓராண்டு ஆனாலும் சரி, பணம் தீர்ந்தாலும் சரி, எது முந்துகிறதோ அத்தோடு அந்தச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு முடிந்தது. உடற்பயிற்சிச் சிகிச்சையும் செயற்கைக் காலும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும்.

பால் வெட்டும் நமக்கு ஒன்று தெரியும். வெட்டிய பட்டை மறுபடி வளர்ந்து கத்திக்கு வர ஆண்டுகள் பல ஆகும். துரைமார் பொறுத்திருக்கிறார்கள். மரத்துக்குக் கிடைக்கும் தவணை மனிதனுக்குக் கிடையாதா?

வெளிநாட்டுத் தொழிலாளியின் பாடு இன்னும் மோசம். வேலை அனுமதி போய், சிறப்புச் சீட்டில் வழக்கு முடியக் காத்திருப்பவன் பொதுவாக வேலை செய்ய முடியாது. இத்தகையோருக்கு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் ஒரு தொண்டு அமைப்பு இலவச உணவு கொடுத்து வருகிறது. அந்தக் கைகளை வணங்குகிறோம். ஆனால் உரிமையாக வரவேண்டியது தருமமாக வருவது யாருக்குப் பெருமை?

"மீண்டும் வேலைக்குச் சேர்க்கும் திட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, முதலாளி மனம் வைத்தால் நடக்கும். மனம் வைக்காவிட்டால்?

மலேசியாவைப் பாருங்கள். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சொக்சோ, 2007-ல் வேலைக்குத் திரும்பும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2014-ல் மலாக்காவில் மறுவாழ்வு மையமே திறந்தது. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோவில் சேர்க்கப்பட்டனர். அங்கும் குறை உண்டு. ஆனாலும் மறுவாழ்வுக்கென்று ஓர் இடம் உண்டு.

ஊனமுற்றோர் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையைச் சிங்கப்பூர் 2013-ல் ஏற்றது. அதன் 26-ஆவது விதி மறுவாழ்வைப் பற்றியதே. ஏற்றதைச் சட்டமாக்குவதில் என்ன தயக்கம்?

நாம் கேட்பது மூன்று. ஓராண்டு வேலியை எடுங்கள். மருத்துவர் போதும் என்னும் நாள்வரை செலவை ஏற்கச் செய்யுங்கள். இயன்ற வேலை கொடுப்பதை முதலாளியின் கடமையாக்குங்கள். சிகிச்சை முடியுமுன் எந்தத் தொழிலாளியையும் விமானம் ஏற்றாதீர்கள்.

பிச்சை கேட்கவில்லை, தோழர்களே! உழைத்து இழந்த உடலுக்கு உழைக்கும் வழியைக் கேட்கிறோம்.