சாப்பிடுகிறவளை எழுப்பலாமா?

போன மாதம் அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். பேத்தியின் பாவாடைக்கு லைனிங் துணி வேண்டியிருந்தது. மணி இரண்டரை இருக்கும். வெயிலுக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை போலும், கடை காலியாக இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் ஒரு துணி மூட்டையின்மேல் உட்கார்ந்து ஒரு பெண் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்தாள். தயிர்சாதம், ஓரத்தில் மாங்காய் ஊறுகாய்.

"ஏம்மா, இந்தக் கலருக்கு ஒரு மீட்டர் லைனிங் எடுத்துக் குடேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

ஒரு வாய்தான் சாப்பிட்டிருப்பாள். முகம் சுளிக்காமல் எழுந்தாள். பாட்டில் தண்ணீரில் கையை அலம்பி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, நாலு கலர் எடுத்துக் காட்டினாள். எனக்கு மகா திருப்தி. 'தங்கமான பொண்ணு' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால், மருமகள் அப்போதுதான் தட்டில் சாதம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது. பாதிச் சாப்பாட்டில் எழுந்திருக்கப் போனவளை, "நீ உட்கார்ந்து சாப்பிடும்மா, நான் பார்த்துக்கறேன். சாப்பாட்டிலேர்ந்து எழுந்திருக்கக் கூடாது" என்று தடுத்தேன். சொன்ன வாய் மூடுவதற்குள் சுருக்கென்றது. என் மருமகளுக்கு ஒரு நியாயம், கடைப் பெண்ணுக்கு ஒரு நியாயமா?

"அது அவங்க வேலைதானே? நாம காசு கொடுத்துத்தானே வாங்கறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்டார். வேலை நேரத்தில் அப்படிக் கேட்பது சரி. ஆனால் சாப்பாட்டு நேரம் வேலை நேரமா?

கடைகளுக்கென்று நம் மாகாணத்தில் 1947-ஆம் வருஷமே ஒரு சட்டம் வந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒருவரைத் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று அது விதித்தது. வேலை நேரம் எட்டு மணி என்ற கணக்கில் அந்த ஓய்வு சேர்வதில்லை. ஆக, அது அவளுடைய சொந்த நேரம். நான் வாங்கிக்கொண்ட பத்து நிமிஷம் கடைக்காரருடையது அல்ல, அந்தப் பெண்ணுடையது!

எஸ்டேட் தொழிற்சாலைகளிலும் ஆவடி ஃபாக்டரியிலும் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்திவிடலாம். கடையில் மெஷின் எங்கே இருக்கிறது? வாசலில் நாம் நுழைந்தால் அவள் எழுந்தாக வேண்டும்.

உட்காருவதற்கே எவ்வளவு பாடு பட வேண்டியிருந்தது, தெரியுமா? இங்கிலாந்தில் 1899-ஆம் வருஷம், கடையில் மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது போட வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோழிக்கோட்டில் தையல் வேலை பார்த்த பி. விஜி என்ற பெண்மணி, கடைப் பெண்களைத் திரட்டி, கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாடு சட்டசபையிலும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று மசோதா வந்து நிறைவேறியது.

நாள் முழுக்க நின்றால் கால் வீங்குகிறது. நாளடைவில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் தொல்லையும் வரலாம். வேளை தவறிச் சாப்பிட்டால் வயிற்றெரிச்சல். கழிப்பறைக்குப் போக முடியாதே என்று தண்ணீர் குடிக்காமலும் சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருந்தால் நீர்க்கடுப்பு. பிள்ளை பெற்ற சில மாதங்களில் வேலைக்குத் திரும்பும் பெண்களும் இவர்களில் உண்டு. அந்த ஒரு மணி நேரம் அவர்களுக்கு மருந்து மாதிரி.

சரி, நாம் என்ன செய்யலாம்?

அவசரமில்லாத சாமானை மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை வாங்கப் போகாமல் இருக்கலாம். போய்விட்டோமா? வேறு ஆள் இருந்தால் அவரைக் கேட்கலாம். இல்லாவிட்டால், "நீ சாப்பிட்டுட்டு வாம்மா, நான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்று பத்து நிமிஷம் காத்திருக்கலாம். 'வரவில்லை' என்று முதலாளியிடம் கோள் சொல்லாமலாவது இருக்கலாம். ஆட்களை முறை வைத்துச் சாப்பிட அனுப்புவது முதலாளியின் பொறுப்பு. அதை அவரிடமே நயமாகச் சொல்லலாம். வாடிக்கையாளர் சொன்னால் காது கொடுப்பார்.

ஆபத்துக்குப் பாவமில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் அனலாகக் கொதிக்கிறது, மருந்துக் கடையில் ஒரே ஒரு ஆள் என்றால், கேட்டுத்தான் ஆக வேண்டும். அவரும் மனசார எழுந்து வருவார். லைனிங் துணிக்கும் காய்ச்சல் மருந்துக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியாதா?

உங்கள் வீட்டுப் பெண் கடை வேலைக்குப் போகிறாளா? பாதியில் எழுந்தாலும் கை அலம்பத் தேவையில்லாதபடி ஸ்பூனால் சாப்பிடக்கூடியதாகக் கட்டிக் கொடுங்கள். பெரிய பாட்டிலில் தண்ணீர் கொடுத்து, குடிக்கச் சொல்லுங்கள். ராத்திரி படுக்கும்போது காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொள்ளட்டும். வீக்கம் வடியாமல் இருந்தாலோ, ஒரே காலில் வலியோடு வீங்கினாலோ தைலம் தேய்த்துக் காலம் கடத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

போன வாரம் மறுபடி அந்தக் கடைக்குப் போனேன், நாலு மணிக்குமேல். "அன்னிக்கு உன்னைச் சாப்பிட விடாம எழுப்பிட்டேன், மனசில வெச்சுக்காதேம்மா" என்றேன். அவளுக்கு ஞாபகமே இல்லை! "எது மேடம்? தினமும் அப்படித்தானே?" என்று சிரித்தாள்.

கோபித்துக்கொண்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. அந்தச் சிரிப்புதான் இன்னும் உறுத்துகிறது.