சுவரில் மாட்டிய சைக்கிள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்து பாருங்கள். பழைய ஆட்கள் இன்னும் ‘பிட் ஸ்திரீட்’ என்றுதான் சொல்வார்கள். 1801-இல் தொடங்கப்பட்ட பள்ளிவாசல், அதை ஒட்டி நாசி கண்டாருக்கு நிற்கும் வரிசை, நாணயம் மாற்றுபவர்கள், நகைக்கடைகள். வடக்கே கொஞ்சம் போனால் ஊதுபத்திப் புகைக்குள் குவான் யின் கோயில். தெற்கே வந்து அர்மீனியன் தெருவுக்குள் திரும்பினால் இன்னொரு வரிசை. அது சாப்பாட்டுக்கான வரிசை இல்லை. ஒரு சைக்கிளோடு படம் எடுத்துக்கொள்ள நிற்கிறார்கள்.

சுவரில் இரண்டு பிள்ளைகள் வரையப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் ஓட்டும் சைக்கிள் மட்டும் நிஜம். சுவரோடு சேர்த்துப் பொருத்தியது. லித்துவேனியாவைச் சேர்ந்த ஓவியர் எர்னஸ்ட் ஸகாரெவிச் 2012-இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காகச் செய்த வேலை. நல்ல ஓவியம். அதன்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

கோபம் என்மேல்தான். சில வருடங்களுக்கு முன் அந்த வரிசையைத் தாண்டி என் மவுண்டன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போனேன். செயின் அறுந்து பைக்குள் கிடந்தது. கேமராவோடு நின்ற ஒரு சுற்றுலாப் பெண், என் சைக்கிள் படத்தில் விழுகிறது, கொஞ்சம் தள்ளி நிற்க முடியுமா என்று மிக மரியாதையாகக் கேட்டார். தள்ளி நின்றேன். அப்போதுதான் உறைத்தது. சுவரில் இருக்கிற சைக்கிளும் ஓடாது, என் சைக்கிளும் ஓடாது. இரண்டையும் ஓட வைக்க எனக்குத் தெரியாது.

கடையில் பாய் செயினைக் கையில் வாங்கிப் பக்கவாட்டில் வளைத்துப் பார்த்தார்.

“தம்பி, இத கடைசியா எப்ப மாத்துனீங்க?”

“செயினெல்லாம் மாத்தணுமா பாய்?”

“செருப்பு தேஞ்சா மாத்துறீங்கல்ல? அதே மாதிரிதான் லா.”

செயின் தேய்ந்து நீண்டிருந்தது. நீண்ட செயின் பின்சக்கரத்துப் பற்களைத் தின்றிருந்தது. பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கு, முன்பல், செயின் எல்லாம் மாற்ற வேண்டும். 400 வெள்ளிக்கு மேல் ஆனது. அவர் என்னை ஏமாற்றவில்லை. என் அறியாமைக்கு நான் கட்டிய அபராதம் அது.

அந்த அபராதத்தைத் தவிர்க்க ஓர் அடிக்கோல் போதும். சைக்கிள் செயினில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் நடுவில் சரியாக அரை அங்குலம். அடிக்கோலின் பூஜ்யத்தை ஒரு முளையின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து 24-ஆவது முளை 12 அங்குலக் கோட்டில் விழ வேண்டும். 1/16 அங்குலம் தள்ளி விழுந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் தள்ளிப் போய்விட்டால் பற்களும் போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய அளவை. பட்டம் வாங்கிய எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். சைக்கிள் வைத்திருக்கிற, புத்தகம் படிக்கிற நாம் நம் சைக்கிளை நாமே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உழைப்பைப் பற்றி நாம் எழுதுவதும் பேசுவதும் வெறும் வாய்ப்பேச்சாகப் போய்விடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இலக்கியச் சந்திப்புகளில் பார்க்கிறேன். ராபர்ட் பிர்சிக் 1974-இல் எழுதிய ‘ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்’ நாவலைப் பற்றிப் பேசச் சொன்னால் பத்துப் பேர் கை தூக்குகிறார்கள். ஆலன் கீ வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் ஒரு கையும் எழவில்லை. அந்த நாவலில் ஜான் என்று ஒரு நண்பர் வருவார். விலை உயர்ந்த பிஎம்டபிள்யூ வண்டி வைத்திருப்பார், அதைப் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள மட்டும் மாட்டார். நாம் எல்லோரும் கதைசொல்லியாக நம்மைக் கற்பனை செய்துகொண்டு படிக்கிறோம். புத்தகத்தை மூடியதும் ஜானாக வாழ்கிறோம்.

ஏன் இப்படி? கஷ்டமான வேலை என்பதால் இல்லை. கை அழுக்காகும் வேலை என்பதால். “ஒழுங்கா படிக்கலன்னா பால்மரம் வெட்டத்தான் போவ” என்பதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நம் பெற்றோர். தோட்டம் போன பிறகு அதே வாக்கியம் “ஒர்க்‌ஷாப்லதான் கெடப்ப” என்று மாறியது. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. முதுகு ஒடிந்தவர்கள் பிள்ளையின் முதுகைக் காப்பாற்றப் பார்த்தார்கள். ஆனால் நாம் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. சுரண்டலை வெறுக்கச் சொன்னார்கள்; நாம் வேலையையே வெறுத்துவிட்டோம். கையால் செய்கிறவன் கீழே, வாயால் சொல்கிறவன் மேலே என்ற சாதிப் பாடத்தைக் கப்பலேறி வந்த பிறகும் நாம் மறக்கவில்லை. கவிதையில் வியர்வையைக் கொண்டாடுவோம், சட்டையில் கிரீஸ் பட்டால் முகம் சுளிப்போம்.

இத்தனைக்கும் மவுண்டன் பைக் என்ற பொருளே கிரீஸில் பிறந்தது. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் சில இளைஞர்கள் குப்பைக்குப் போக வேண்டிய பழைய தடித்த டயர் சைக்கிள்களை எடுத்து, மலைப்பாதையில் கீழ்நோக்கி ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பிரேக். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கர ஹப் சூடாகி உள்ளே இருக்கும் கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்கு ‘ரீபேக்’. 1976 அக்டோபரில் அங்கே நடந்த முதல் பந்தயத்துக்கும் அந்தப் பாதைக்கும் அதுவே பெயராக நின்றுவிட்டது. வெற்றியின் பெயரையோ வீரனின் பெயரையோ அவர்கள் வைக்கவில்லை, ஒரு பராமரிப்பு வேலையின் பெயரை வைத்தார்கள். அடுத்த வருடம் ஜோ பிரீஸ் அந்த மாதிரிப் பாதைக்கென்றே சட்டகம் செய்தார். கேரி ஃபிஷர், டாம் ரிட்சி என்று பிறகு பெரிய பெயரானவர்களும் அந்தக் கூட்டத்தில் வந்தவர்கள்தான். உடைந்ததைச் சரிசெய்து சரிசெய்துதான் கண்டுபிடித்தார்கள். நாம் அந்தக் கண்டுபிடிப்பைக் கடனட்டையில் வாங்கி, செயினுக்கு எண்ணெய் போடக்கூட ஆளைத் தேடுகிறோம்.

இதில் நமக்குத் தனிப்பட்ட பங்கு ஒன்று உண்டு. டன்லப் 1888-இல் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்குப் பதினோரு ஆண்டு முன்பே, 1877-இல், ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து மலாயாவில் வேர் பிடித்திருந்தன. உலகம் சைக்கிளிலும் காரிலும் ஏறியபோது அந்த டயருக்குப் பால் எடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் நம் ஆட்கள். இன்றைக்கு மவுண்டன் பைக்கில் டியூப் இல்லாத டயர்தான் வழக்கம். முள் குத்தினால் ஓட்டையை உள்ளிருந்து அடைக்க ஒரு வெள்ளைத் திரவம் ஊற்றுவார்கள். பல நிறுவனங்கள் விற்பது இயற்கை ரப்பர் பால் கலந்தது. நம் ஊர் வெயிலில் சில மாதங்களில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். முதல் முறை நான் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து அதை ஊற்றியபோது அப்பா உள்ளிருந்து வந்தார். “என்னடா, பால்மர வாடை அடிக்குது?” என்றார். பாட்டி வெட்டிய மரத்தின் வாடை. அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டயரைச் சுழற்றிப் பிடித்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசிய மாதிரி அதற்கு முன் பேசியதில்லை.

தமிழில் சைக்கிளுக்காகவே ஓர் இயக்கம் நடந்திருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று ஊக்கப்படுத்தப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். கணவனோ அண்ணனோ தம்பியோ கொண்டுபோய் விடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் அங்கே சைக்கிளின் அர்த்தம். நடுவழியில் செயின் கழன்றால் வேறொருவர் வரும்வரை காத்திருக்கிறவருக்கு அந்தச் சுதந்திரம் பாதிதான் கிடைத்திருக்கிறது. இதைத் தங்கைகளுக்குக் கூடுதலாக அழுத்திச் சொல்கிறேன். “நீ வுடு, நான் பாத்துக்குறேன்” என்று ஸ்பேனரைப் பிடுங்குகிற கையிடம் ஸ்பேனரைக் கொடுக்காதீர்கள்.

மறுப்புகள் வரும். முதலாவது: எல்லோரும் தானே சரிசெய்துகொண்டால் கடைக்காரர் பிழைப்பு என்னாவது? நல்ல மனசு. ஆனால் கடைக்காரரை விரட்டியது அடிக்கோல் வைத்திருக்கும் வாடிக்கையாளர் இல்லை. இந்தத் தெருக்களில் பழைய குடியிருப்பாளர்களையும் சின்னத் தொழில்காரர்களையும் காத்து வந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 பிறந்தபோது முடிந்தது. 2008-இல் ஜார்ஜ் டவுன் மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பழைய கடைவீடுகளில் காப்பிக்கடையும் தங்கும் விடுதியும் வந்தன. கைத்தொழில் போய்க் கைத்தொழிலின் படம் நின்றது. கடைக்காரரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவர் வேலையின் மதிப்பு தெரிந்த வாடிக்கையாளர் வேண்டும். நானே செயின் மாற்ற ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பாய் ரிம்மின் கோணலைக் கம்பி கம்பியாக முறுக்கி எடுப்பது எப்பேர்ப்பட்ட வித்தை என்று எனக்குப் புரிந்தது. இப்போது அந்த வேலைக்கு அவர் கேட்பதற்கு மேல் கொடுக்கிறேன், பேரம் பேசுவதில்லை.

இரண்டாவது: இந்தக் காலத்துச் சைக்கிள் சிக்கலானது. உண்மைதான், சில பாகங்கள் சிக்கல்தான். முன் ஃபோர்க்கின் உட்புறத்தைக் கழற்றாதீர்கள். ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் மாற்றுவதைத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து ஒரு தடவை பார்த்த பிறகு செய்யுங்கள். சில நிறுவனங்களின் பிரேக்குக்கு மினரல் எண்ணெய், சிலதுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ஆனால் தினசரி வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ரகம் இல்லை. கியர் தாவுகிறதா? கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சின்னத் திருகைக் கால் சுற்றுத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும். பெடல் கழலவில்லையா? இடது பெடலின் மரை தலைகீழ், மற்றதைப் போல் சுற்றினால் இன்னும் இறுகும். பிரேக் கீச்சிடுகிறதா? செயினுக்கு எண்ணெய் தெளித்தபோது டிஸ்க்கில் பட்டிருக்கலாம். செயினுக்கு ஸ்பிரே வேண்டாம். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு விட்டு, மீதியைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

மூன்றாவது: நேரமில்லை. இதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கைப்பேசியின் திரை நேரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: ஒரு கட்டு ஆலன் கீ, இரண்டு டயர் நெம்பி, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டு, செயின் கட்டர், ஒரு குவிக் லிங்க். முதல் வாரம் சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். இரண்டாம் வாரம் நல்ல டியூப்பிலேயே ஓட்டை போட்டு ஒட்டிப் பழகுங்கள். மூன்றாம் வாரம் பிரேக் பேடைக் கழற்றி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டித் தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலைக்கு ஏறும் ஜீப் பாதை 5 கிலோமீட்டர். ஏறும்போது மூச்சு முட்டும், இறங்கும்போது உயிர் அந்தப் பேடில்தான் இருக்கிறது. அதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டாமா?

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா ‘ரிப்பேர் கஃபே’ என்று ஒன்றைத் தொடங்கினார். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து உடைந்ததைச் சரிசெய்வது, அவ்வளவுதான். அது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நாம் மாதாமாதம் வாசிப்புக் கூட்டம் நடத்துகிறோம். ஒரு சிறுகதையை இரண்டு மணி நேரம் பிரித்துப் பார்க்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்து, ஒரு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். உழைப்பைப் பற்றி அன்றைக்குப் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும் என்று நினைக்கிறேன். பழைய துணி நான் கொண்டுவருகிறேன். அடிக்கோல் ஒன்று யாராவது எடுத்து வாருங்கள்.